கொழும்பில் சரியாக ஓடிய மணிக்கூடு நுவரெலியாவில் பிந்துவது ஏன்?

கொட்டாஞ்சேனையில் பெரியப்பா வீட்டில் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடிய பெண்டுலம் மணிக்கூட்டை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார் ஒரு வாசகி. அன்றிலிருந்து நாளுக்கு நான்கு நிமிடம் பிந்துகிறதாம். "மலையில் புவியீர்ப்பு குறைவு, அதனால்தான் என்கிறார் மாமா. உண்மையா? எப்படிச் சரிசெய்வது?" என்று கேட்கிறார்.

மாமா சொல்வது பொய்யில்லை. ஆனால் கணக்குப் போட்டால், மலைமேல் விழும் பழி கொஞ்சம் அதிகம்தான்.

பெண்டுலம் ஒருமுறை ஆடிவரும் நேரத்தைத் தீர்மானிப்பவை அதன் நீளமும் அந்த இடத்துப் புவியீர்ப்பும். குண்டின் எடைக்கு இதில் வேலையில்லை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டர். அந்த உயரத்துக்கு நாளொன்றுக்கு 25 விநாடி பிந்த வேண்டும். காலடியில் கிடக்கும் மலையும் தன் பங்குக்கு இழுப்பதால், உண்மையில் அதைவிடக் குறையும். குளிரோ எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. கொழும்பைவிட அங்கே ஏறக்குறைய 11 பாகை குளிர் அதிகம். பித்தளைத் தண்டு சுருங்கி ஆட்டம் வேகமாவதால், சுமார் 9 விநாடி திரும்பக் கிடைத்துவிடும். மிஞ்சுவது பத்துப் பதினைந்து விநாடி.

லண்டனிலிருந்து வந்த மணிக்கூடு என்றால் கதை வேறு. பூமத்திய ரேகைப் பக்கம் வரவரப் புவியீர்ப்பு குறையும். இலங்கைக்கு வந்து இறங்கினாலே நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தும். 1672இல் பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போன பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷே இதை நேரிலேயே கண்டார். அவருடைய மணிக்கூடு நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. ஆனால் உங்களுடையது கொழும்பிலிருந்துதானே வந்தது?

என் சந்தேகம் குண்டுக்குக் கீழே இருக்கும் நட்டின் மேல். றம்பொடை வளைவுகளில் குலுங்கி வந்ததில் அது தளர்ந்திருக்கும், அல்லது கழற்றி மாட்டியவர் கை பட்டிருக்கும். 25 சென்டிமீட்டர் பெண்டுலத்தில் குண்டு ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கினாலே நான்கு நிமிடம் போய்விடும்!

முதலில் 'டிக்', 'டாக்' இரண்டும் ஒரே இடைவெளியில் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். நொண்டினால், சுவரில் பெட்டியைக் கொஞ்சம் இடமோ வலமோ சாய்த்துச் சமப்படுத்துங்கள். இல்லாவிட்டால் எந்த நேரமும் நின்றுவிடும். அப்புறம் நட்டை மேல்நோக்கி அரைச் சுற்று ஏற்றி, கைபேசி நேரத்தோடு ஒப்பிட ஒரு முழு நாள் விடுங்கள். மணிக்கு ஒருமுறை திருகினால் எதுவும் பிடிபடாது. ஐந்தாறு நாள் பொறுமை வேண்டும். குண்டை நன்றாக ஏற்றியும் பிந்தினால் பழைய எண்ணெய் இறுகியிருக்கலாம். அது மணிக்கூடு திருத்துபவர் வேலை.

மாமாவிடம் சொல்ல இன்னொன்று இருக்கிறது. அதே உயரத்தில் அணுக் கடிகாரம் வைத்தால் அது பிந்தாது, முந்தும். பூமியிலிருந்து உயரப் போகப்போக நேரமே சற்று வேகமாக ஓடுகிறது என்பது ஐன்ஸ்டைன் சொன்னது. நுவரெலியாவுக்கும் கடற்கரைக்கும் அந்த வித்தியாசம் ஒரு விநாடியாகச் சேர ஒன்றரை லட்சம் வருடத்துக்கு மேல் ஆகும்.