அமெரிக்காவில் ஏழைக்கு வைத்தியம் கிடைக்குமா? கிடைக்கும், கடிதம் வந்து சேர்ந்தால்

கேள்வி: அமெரிக்கா அவ்வளவு பணக்கார நாடு. ஆனால் அங்கே ஏழைகளுக்கு அரசு வைத்தியமோ உதவித்தொகையோ எதுவுமே கிடையாதாமே, உண்மையா?

கேட்டவர் மகள் பிரசவத்துக்காக ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தவராக இருப்பார் என்று நினைக்கிறேன். பாலத்தடியில் கூடாரம் போட்டுப் படுத்திருப்பவர்களைக் காரிலிருந்து பார்த்திருப்பீர்கள். மருமகன் ஒரு ஆம்புலன்ஸ் பில் கதை சொல்லியிருப்பார். இரண்டையும் கூட்டினால் இந்தக் கேள்விதான் வரும், தப்பில்லை.

என் தகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது கேட்பார்கள். நான் அமெரிக்கா போனதே இல்லை. ஒரே ஒரு தடவை விசாவுக்குப் போய் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தவன். ஆனால் 2012 முதல் 2021 வரை சென்னை பெருங்குடியில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் ஏ.ஆர். காலராக இருந்தேன். தெரியாதவர்களுக்கு: அமெரிக்க டாக்டர் அனுப்பிய பில்லுக்கு இன்ஷூரன்ஸ் பணம் தராவிட்டால், ஏன் தரவில்லை என்று ராத்திரி முழுக்க ஃபோன் போட்டுக் கேட்கிற வேலை. ஃபோனில் என் பெயர் ஸாம். அந்த ஊர்த் தெரு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, பில் எப்படி இருக்கும் என்று தெரியும்.

"எதுவுமே கிடையாது" என்பது சரியில்லை. 1965 ஜூலையில் ஜனாதிபதி ஜான்சன் ஒரே கையெழுத்தில் இரண்டு திட்டங்களைக் கொண்டுவந்தார். எங்கள் டிரெயினர் முதல் நாளே சொல்லிக் கொடுத்த சூத்திரம்: "கேர்னா வயசானவங்க, எய்ட்னா இல்லாதவங்க." மெடிகேர் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு. மெடிகெய்ட் வருமானம் குறைந்தவர்களுக்கு, மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போட்டு நடத்துவது. குழந்தைகளுக்கான திட்டத்தையும் சேர்த்தால் இன்று ஏழு கோடிப் பேருக்கு மேல் இதில் இருக்கிறார்கள். இது போக, சாப்பாட்டுக்கு ஸ்நாப் கார்டு இருக்கிறது. 1986-லிருந்து ஒரு சட்டமும் இருக்கிறது: எமர்ஜென்சிக்கு யார் வந்தாலும், பையில் காசில்லாவிட்டாலும், பரிசோதித்து உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும். ஆனால் அதற்கப்புறம் பில் அனுப்பக்கூடாது என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. என் சம்பளமே அந்த இடைவெளியிலிருந்துதான் வந்தது.

சரி, நான் சொல்ல வந்தது ஒரு கணக்கைப் பற்றி. நோயாளியின் விவரம் வெளியே சொல்லக்கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம், எனக்கும் அது பழகிவிட்டது. அதனால் பெயர் இல்லை, ஊர் இல்லை, வேலையைக்கூடக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். மாதங்களை மட்டும் மாற்றவில்லை. ஏன் என்று பின்னால் புரியும்.

ஒஹையோ மாநிலம். முதியோர் இல்லத்தில் பகுதிநேர வேலை பார்க்கும் ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள், கணவர் இல்லை. மாதம் 1,500 டாலர் சம்பாத்தியம். ஒஹையோவில் அப்போது, 2018-ல், மூன்று பேர் குடும்பம் வருடத்துக்கு 28,676 டாலர் வரை வாங்கினாலும் மெடிகெய்ட் உண்டு. அந்த அம்மாவுக்கும் இருந்தது. 2018-ல் வீடு மாறினார். வருடா வருடம் வருமானத்தைச் சரிபார்க்க அனுப்பும் புதுப்பித்தல் கடிதம் பழைய வீட்டுக்குப் போனது. பதில் வரவில்லை என்று ஜூன் 30-ஆம் தேதியோடு மெடிகெய்டை நிறுத்திவிட்டார்கள். அவருக்குத் தெரியாது. ஆகஸ்டில் ஒரு ராத்திரி வயிற்றுவலி தாங்காமல் எமர்ஜென்சிக்குப் போனார். பித்தப்பையில் கல்.

நாங்கள் பில் போட்டது ஆஸ்பத்திரிக்காக இல்லை, அங்கே எமர்ஜென்சியில் நிற்கும் டாக்டர்கள் குழுவுக்காக. அங்கே அது தனி, இது தனி. பில் திரும்பி வந்தது, கோட் 27. "கவரேஜ் முடிந்த பிறகு ஆன செலவு." ஏ.ஆர். காலராக இருந்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த நம்பரைச் சொல்வார்கள். 1,042 டாலர் அவர் தலையில் விழுந்தது.

செப்டம்பரில் பில்லைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார். அந்தச் சமயம் எங்கள் டீமுக்கு பேஷன்ட் கால்களும் வரும். எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லையே, என்னிடம் கார்டு இருக்கிறதே என்றார். நான் ஸ்கிரிப்டில் உள்ளதைச் சொன்னேன்: உங்கள் கவரேஜ் ஜூன் 30-ல் முடிந்துவிட்டது, பாக்கி உங்களுடையது, இப்போதே கார்டில் கட்டுகிறீர்களா, அல்லது தவணை போடட்டுமா? யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். நான்கு நிமிடம் பத்து செகண்ட். கால்களைக் கேட்டு மதிப்பெண் போடும் கியூ.ஏ. டீம் அந்த காலுக்கு எனக்கு 98 போட்டார்கள்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மெடிகெய்டில் பின்தேதிக் கவரேஜ் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் இன்று விண்ணப்பித்தால், இதற்கு முந்தைய மூன்று மாதங்களிலும் உங்களுக்குத் தகுதி இருந்திருந்தால், அந்த மாதங்களின் வைத்தியச் செலவையும் அது ஏற்கும். அவர் செப்டம்பரில் விண்ணப்பித்திருந்தால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் உள்ளே வந்திருக்கும். நவம்பர் கடைசி நாள் வரை நேரம் இருந்தது. அந்த 1,042 டாலரும் காணாமல் போயிருக்கும். வேண்டுமென்று மறைக்கவில்லை, எனக்கு அன்று அது தெரியாது. ஆறு வருடம் அதே வேலையில் இருந்துவிட்டுத் தெரியாது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் வேலை டாக்டருக்குப் பணம் வாங்கித் தருவது, நோயாளிக்கு வழி சொல்வது ஸ்கிரிப்டிலேயே இல்லை. எலிஜிபிலிட்டி டீமிலிருந்த ஒரு அக்கா, டிசம்பரில் கேன்டீனில் தோசைக்குக் காத்திருந்தபோது பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஜனவரியில் அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது நோட்டீஸ் போயிருந்தது. இந்த முறை எனக்கு விஷயம் தெரியும், உற்சாகமாக விரல்விட்டு எண்ணினேன். ஜனவரியில் போட்டால் டிசம்பர், நவம்பர், அக்டோபர். ஆகஸ்ட் வெளியே. இன்னொரு தடவை எண்ணினேன். விரல் அதேதான்.

ஆனாலும் உடனே விண்ணப்பியுங்கள், இனிமேலாவது கவரேஜ் இருக்கும் என்றேன். ஆஸ்பத்திரியின் தர்ம உதவிப் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். லாபநோக்கமில்லாத ஆஸ்பத்திரிகள் அப்படியொரு உதவிக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும், 2010-ஆம் வருடச் சட்டம். அது வேலை செய்தது, ஆஸ்பத்திரி பில் முழுவதும் தள்ளுபடி ஆனது. எங்கள் பில் அப்படியே நின்றது, டாக்டர்கள் குழு அந்தக் கொள்கைக்குள் வரவில்லை.

அன்று சிஸ்டம் ஹேங் ஆகிப் பத்து நிமிடம் அவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. வேலை முடிந்து வந்து சமைக்கத் தெம்பில்லை என்று கடையில் சுட்ட கோழி வாங்கப் போனாராம். ஸ்நாப் கார்டில் சூடான சாப்பாடு வாங்க முடியாது. அதே கோழி ஆறிப்போய்க் குளிர்பெட்டிக்கு வந்துவிட்டால் வாங்கலாம். "அதனால ஆறட்டும்னு காத்திருந்தேன் ஹனி" என்றார், சிரித்துக்கொண்டே. இது சட்டத்திலேயே இருக்கிறது, தேடிப் பாருங்கள். இந்த மாதிரி விதியை உட்கார்ந்து எழுதியவரின் வீட்டில் யார் சமைப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த அம்மா அதிர்ஷ்டக்காரர். ஒஹையோவில் இருந்தார். ஒபாமா சட்டப்படி நாடு முழுவதும் வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை மெடிகெய்ட் கிடைத்திருக்க வேண்டும். 2012-ல் உச்ச நீதிமன்றம், மாநிலங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, விரும்பினால் சேரலாம் என்று சொல்லிவிட்டது. இன்றுவரை பத்து மாநிலங்கள் சேரவில்லை. டெக்சாஸ் ஒன்று, ஃபுளோரிடா ஒன்று. அதே அம்மா, அதே இரண்டு பிள்ளைகள், டெக்சாஸில் இருந்தால், மாதம் சுமார் 230 டாலருக்கு மேல் சம்பாதித்தாலே மெடிகெய்ட் கிடையாது. பிள்ளைகளுக்குக் கிடைக்கும், அவருக்குக் கிடையாது. சரி, அரசு மானியத்தோடு தனியார் இன்ஷூரன்ஸ் வாங்கலாமே என்றால், அந்த மானியத்துக்கு வறுமைக்கோட்டுக்கு மேல் இருக்க வேண்டும். அவர் சம்பளம் கோட்டுக்குக் கீழே. மெடிகெய்டுக்கு அவர் பணக்காரர், மானியத்துக்கு ஏழை. பிள்ளை இல்லாத, ஊனமில்லாத ஆளாக இருந்தால் டெக்சாஸில் பைசா வருமானம் இல்லாவிட்டாலும் மெடிகெய்ட் கிடையாது.

அந்த வறுமைக்கோடு வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1960-களில் மோலி ஓர்ஷான்ஸ்கி என்ற அரசு ஊழியர் ஒரு குடும்பத்தின் குறைந்தபட்ச சாப்பாட்டுச் செலவைக் கணக்கிட்டு, அதை மூன்றால் பெருக்கினார். அப்போது குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தன. இன்று வாடகையும் வைத்தியமும்தான் ஆளை விழுங்குகின்றன. கோடு மட்டும் விலைவாசிக்கு ஏற்ப ஏற்றப்பட்டு, அதே சாப்பாட்டுக் கணக்கின் மேல் நிற்கிறது.

நான் கட்சி பேசவில்லை, தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். ஒஹையோவில் மெடிகெய்டை விரிவாக்கிய ஆளுநர் கேசிக் குடியரசுக் கட்சிக்காரர். ஏழைத் தாய்மார்களுக்கான ரொக்க உதவிக்கு ஆயுளில் ஐந்தே வருடம் என்று உச்சவரம்பு போட்ட 1996 சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சியின் கிளிண்டன். "நம்ம ஊர் உசத்தி" என்றும் சொல்ல வரவில்லை. நம் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் வருமானச் சான்றிதழுக்கு நான் நின்ற கதையை எழுதினால் இந்தப் பதில் முடியாது.

அமெரிக்காவில் இருக்கிற சில உறவுக்காரர்களுக்குத்தான் ஒரு வார்த்தை. என் பெரியப்பா மகன் நியூஜெர்சியில் இருக்கிறார். ஊருக்கு வந்தால் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, "அங்க வேலை செய்யாம அரசாங்க காசுல சாப்பிடறாங்கடா, எங்க டாக்ஸ்டா" என்பார். அண்ணா, நான் ஒன்பது வருடம் பார்த்த மெடிகெய்ட் கணக்குகளில் பாதிக்கு மேல் முதலாளியின் பெயர் இருக்கும். கடை, கிடங்கு, முதியோர் இல்லம், சமையல்கட்டு. அண்ணனுக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸ் தருகிறது, அந்தக் காசுக்கு வருமான வரி கிடையாது. அதுவும் அரசாங்கம் விட்டுக்கொடுத்த காசுதான். அதை மட்டும் யாரும் பந்தியில் பேசுவதில்லை. இதே அண்ணன்தான் எனக்குப் பெண் பார்த்தபோது, "கால் சென்டர் பையன், ராத்திரி வேலை" என்று அந்த வீட்டில் சொல்லி வைத்தவர். கால் சென்டர் வேறு, ஏ.ஆர். காலிங் வேறு என்று அவருக்கு நான் விளக்கியது எத்தனை முறை என்று எனக்கே தெரியாது. விடுங்கள், கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இத்தனை நாள் கழித்து இதை எழுதக் காரணம் இருக்கிறது. கோவிட் சமயத்தில் யாரையும் மெடிகெய்டிலிருந்து நீக்கக்கூடாது என்று வைத்திருந்தார்கள். 2023 ஏப்ரலில் அதை எடுத்த பிறகு இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் நீக்கப்பட்டார்கள். அதில் பத்துக்கு ஏழு பேர் தகுதி இல்லை என்று தெரிந்து நீக்கப்பட்டவர்கள் இல்லை. படிவம் வரவில்லை, பதில் வரவில்லை, ஏதோ காகிதம் குறைந்தது. கோட் 27. இப்போது 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2027 முதல் ஒஹையோ போன்ற மாநிலங்களில் ஒபாமா சட்டத்தால் புதிதாகச் சேர்ந்த பிரிவில் உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறை இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனை. மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததற்கும் கணக்குக் காட்ட வேண்டும், சின்னப் பிள்ளை உள்ள தாய் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. ஆர்கன்ஸாவில் 2018-ல் இப்படி ஒரு மணிக்கணக்கு விதி கொண்டுவந்து, நீதிமன்றம் நிறுத்துவதற்குள் 18,000 பேருக்கு மேல் கவரேஜ் இழந்தார்கள். அதோடு அந்தப் பின்தேதிக் கவரேஜ், மூன்று மாதம் இருந்தது, இந்தப் பிரிவினருக்கு ஒரே மாதமாகிறது. அந்தச் செய்தியைப் படித்தபோது, அந்த 2019 ஜனவரியில் எண்ணின விரல்தான் ஞாபகம் வந்தது.

அந்த அம்மாவுக்கு 2019-ல் மெடிகெய்ட் திரும்பக் கிடைத்தது. பழைய பாக்கி அதில் சேராது. மாதம் பத்து டாலர் தவணை போட்டுக் கொடுத்தேன், அதற்கே டீம் லீடரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஏப்ரலில் தொடங்கினார். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. 2021 ஜூனில் வேலையை விடுவதற்கு முந்தின ராத்திரி அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தேன். 26 தவணை கட்டியிருந்தார், பாக்கி 782 டாலர். நோட்ஸைக் கீழே இழுத்துக்கொண்டே போனால், அடியில் 2018 செப்டம்பர், என் ஐ.டி., நோயாளிக்குச் சொல்லியாகிவிட்டது என்ற பொருளில் நான் டைப் செய்த ஒரே வரி: "பேஷன்ட் அட்வைஸ்ட்."