நோய்ப்பரவல் காலத்தில் வெளிநாட்டு நோட்டு மாற்றம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொரோனா நோய் பரவத் தொடங்கிய 2020 மார்ச் மூன்றாம் வாரத்தில் எச்டிஎஃப்சி வங்கி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கிளைகள் காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மட்டும் இயங்கும் என்றும், பாஸ்புக் பதிவும் வெளிநாட்டு நாணயம் வாங்கும் சேவையும் தற்காலிகமாக நிறுத்தப்படுகின்றன என்றும் அதில் இருந்தது. பணம் போடுதல், எடுத்தல், காசோலை, பணம் அனுப்புதல், அரசுப் பரிவர்த்தனைகள் ஆகிய அத்தியாவசியச் சேவைகளோடு நிறுத்திக்கொள்வது என்பதே அப்போது நாடெங்கும் வங்கிகள் எடுத்த நிலை. மார்ச் 22 அன்று பன்னாட்டு விமானங்கள் நின்றன. 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. அந்த நாட்களில் கையில் வெளிநாட்டு நோட்டோடு ஊர் திரும்பியவர்களின் கேள்விகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில், அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

நான் 2020 மார்ச்சில் சிங்கப்பூரிலிருந்து திரும்பியவன். ரூபாயைப் போடவும் எடுக்கவும் அனுமதித்த எங்கள் கிளை, சிங்கப்பூர் டாலரை மட்டும் வாங்க மறுத்துவிட்டது. ரூபாய் நோட்டில் ஒட்டாத கிருமி டாலரில் மட்டும் ஒட்டுமா, ஐயா? (திருச்சிராப்பள்ளி வாசகர்)

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த முடிவுக்குக் கிருமி மட்டும் காரணமன்று. ரூபாயைக் கட்டுவதற்குக் கவுண்டருக்கு வருபவர் ஒரு செலானைத் தள்ளிவிட்டு இரண்டு நிமிடத்தில் போய்விடலாம். அதையும் விரும்பாதவருக்கு வாசலிலேயே பணம் போடும் இயந்திரம் இருக்கிறது. வெளிநாட்டு நோட்டு அப்படிப்பட்டதன்று. அலுவலர் முதலில் பாஸ்போர்ட்டை வாங்கி, விசாப் பக்கத்தையும் குடிநுழைவு முத்திரையையும் புரட்டிப் பார்த்துப் படியெடுப்பார். பிறகு ஒவ்வொரு நோட்டையும் விரலால் தடவி, வெளிச்சத்தில் உயர்த்தி, புற ஊதா விளக்கின் கீழ் வைத்துச் சோதிப்பார். பல கிளைகளில் பெரிய மதிப்புள்ள நோட்டுகளின் வரிசை எண்களையும் கையால் எழுதிக்கொள்வார்கள். அன்றைய மாற்று விகிதத்தைச் சொல்லி, படிவத்தில் கையெழுத்து வாங்கி, நாணயம் மாற்றியதற்கான சான்றிதழைத் தரவேண்டும். இத்தனையும் முடியும்வரை இருவரும் ஒரு கைத் தொலைவில் எதிரெதிரே அமர்ந்திருக்கவேண்டும். வந்திருப்பவரோ, நேற்றோ முந்தாநாளோ விமானத்தில் வந்து இறங்கியவர். பதினான்கு நாள் தனிமையில் இருக்கவேண்டியவர். பாதி ஊழியர்களை வைத்துக்கொண்டு கிளையை நடத்திய மேலாளர் இந்தச் சேவையை முதலில் நிறுத்தியதில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம் கவுண்டருக்கு வெளியே இருக்கிறது. பெரும்பாலோர் கவனிக்காதது அதுதான். உங்களிடம் வாங்கும் சிங்கப்பூர் டாலர் கிளையின் பெட்டகத்தில் தங்குவதற்கு உரியதன்று. அது வெளிநாடு செல்லும் இன்னொருவருக்கு விற்கப்படவேண்டும். அல்லது மொத்தமாகச் சேர்த்து விமானம் மூலம் வெளிநாட்டு வங்கிக்கு அனுப்பப்பட்டு, அதன் மதிப்பு நம் வங்கியின் வெளிநாட்டுக் கணக்கில் வரவு வைக்கப்படவேண்டும். விமானம் நின்ற நாளில் இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் அடைபட்டன. வாங்கிய நோட்டு விற்காமல் கிடக்கும். அதற்கிடையே விகிதம் மாறினால் இழப்பு வங்கிக்கு. அந்த ஆண்டு பிப்ரவரியில் 71, 72 ரூபாயாக இருந்த அமெரிக்க டாலர் ஏப்ரலில் 76 ரூபாயைத் தாண்டிப் போனதை நினைத்துப் பார்த்தால், அந்த அச்சம் எவ்வளவு மெய்யானது என்பது புரியும்.

சேவையை நிறுத்தியது தவறன்று என்பதே என் கருத்து. ஆனால் நிறுத்திய விதம் தவறு. கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டு, மாவட்டத்தில் எந்தக் கிளையாவது இதைச் செய்கிறதா, எப்போது மீண்டும் தொடங்கும், அதுவரை அந்த நோட்டைச் சட்டப்படி கையில் வைத்திருக்கலாமா என்று எதையும் சொல்லாமல் மக்களைத் திருப்பி அனுப்பினார்கள். திருச்சி விமான நிலையம் சிங்கப்பூரையும் கோலாலம்பூரையும் பெரிதும் நம்பி இயங்குவது. அந்த ஊரில் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்காவது ஒரு கிளையைத் திறந்து வைத்திருக்க முடியாதா என்ற கேள்வி எனக்கு இன்றும் இருக்கிறது.

நோட்டில் உண்மையிலேயே நோய் பரவுமா? நான் டாலர்களின் மேல் சானிடைசரைத் தெளித்து இஸ்திரி போட்டேன். ஓரம் சுருங்கிவிட்டது. இப்போது எல்லாரும் வாங்க மறுக்கிறார்கள். (கீழக்கரை வாசகி)

அந்த அச்சம் உங்களுக்கு மட்டும் ஏற்பட்டதன்று. சீனாவின் மத்திய வங்கி 2020 பிப்ரவரியில், வங்கிகளுக்கு வந்து சேரும் நோட்டுகளைப் புற ஊதா ஒளியாலோ வெப்பத்தாலோ தூய்மைப்படுத்தி, நோய் மிகுந்த பகுதிகளில் 14 நாட்களும் மற்ற இடங்களில் 7 நாட்களும் ஒதுக்கி வைத்த பிறகே வெளியே விடுவது என்று முடிவெடுத்தது. அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ் ஆசியாவிலிருந்து திரும்பிவரும் டாலர்களை 7 முதல் 10 நாட்கள் தனியே வைத்தது. தென் கொரிய மத்திய வங்கியும் இரண்டு வாரம் ஒதுக்கி வைத்தது. அதே நாட்டில் அன்சான் நகரத்தைச் சேர்ந்த ஒருவர் நோட்டுகளைச் சலவை இயந்திரத்தில் போட்டுக் கிழித்துக்கொண்டு மத்திய வங்கியிடம் போய் நின்ற செய்தியும் அப்போது வந்தது.

ஆய்வகங்களில் கண்டதைப் பொறுத்தவரை, பிளாஸ்டிக்கின் மேல் அந்த வைரஸ் 72 மணி நேரம் வரையிலும் அட்டையின் மேல் 24 மணி நேரம் வரையிலும் நீடித்தது என்று 2020 மார்ச்சில் வெளியான அமெரிக்க ஆய்வு கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு, 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருட்டில் வைத்த நோட்டில் 28 நாட்கள் வரை வைரஸைக் கண்டது. வெப்பம் 40 பாகையானபோது அந்த ஆயுள் மிகவும் சுருங்கியது. ஆய்வகத்தில் உயிரோடு இருப்பதும் மனிதருக்குத் தொற்றுவதும் ஒன்றன்று. பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி நடத்திய சோதனையில், நோட்டில் இட்ட வைரஸின் பெரும்பகுதி ஆறு மணி நேரத்துக்குள் அழிந்திருந்தது. நோட்டு வழியாகத் தொற்றும் வாய்ப்பு குறைவு என்ற முடிவுக்கே அவர்கள் வந்தார்கள். ஆகவே நோட்டைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். நோட்டை ஒரு உறையிலிட்டுச் சில நாட்கள் தனியே வைத்தாலே போதும்.

இனி உங்கள் சுருங்கிய டாலர்கள். இந்திய வங்கிகளும் நாணய மாற்று நிறுவனங்களும் கறைபட்ட, கிழிந்த, எழுதப்பட்ட வெளிநாட்டு நோட்டுகளைப் பொதுவாக வாங்குவதில்லை. அதை மேலே அனுப்பினால் வெளிநாட்டு வங்கி திருப்பி அனுப்பிவிடும் என்பதே காரணம். ஓரம் மட்டும் சுருங்கியிருந்தால், வசூலுக்கு அனுப்பும் முறையில் (வெளிநாட்டு வங்கிக்கு அனுப்பி, அங்கிருந்து பணம் வந்த பிறகே உங்களுக்குத் தருவது) ஏற்றுக்கொள்வார்களா என்று பெரிய கிளை ஒன்றில் கேட்டுப் பாருங்கள். அமெரிக்கா செல்லும் உறவினர் இருந்தால் அங்குள்ள வங்கியில் மாற்றுவது எளிது. சிதைந்த நோட்டுகளுக்கு அந்நாட்டுக் கருவூலத்தின் கீழ் இயங்கும் நோட்டு அச்சகம் மதிப்பு தருகிறது. இஸ்திரிப்பெட்டியை இனி நோட்டின் பக்கம் கொண்டு போகவேண்டாம். சிங்கப்பூர் நோட்டுகளில் பல பாலிமர் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வங்கி வாங்க மறுத்ததால் நோட்டுகள் பீரோவிலேயே தங்கிவிட்டன. இது குற்றமா? (நாகப்பட்டினம் வாசகர்)

தொகையைப் பொறுத்தது. இந்தியாவில் வசிப்பவர், பயணத்துக்காக வாங்கி மீந்துபோன வெளிநாட்டு நோட்டை 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை காலவரம்பின்றித் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம்; நாணயக் காசுகளுக்கு வரம்பே இல்லை. வெளிநாட்டில் அன்பளிப்பாகக் கிடைத்ததும் இந்த 2,000 டாலருக்குள் அடங்கும். இதற்கு மேற்பட்ட தொகையை நாடு திரும்பிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட வங்கியிடமோ நிறுவனத்திடமோ ஒப்படைக்கவேண்டும். அந்த நாட்கள் கடந்துபோயிருந்தாலும் ஒப்படைப்பதே சரி. திரும்பி வந்த தேதியைக் காட்டும் பாஸ்போர்ட் பக்கம், விமானச் சீட்டு, அப்போது சேவை நிறுத்தப்பட்டதற்கான அறிவிப்பு ஆகியவற்றோடு எழுத்து மூலமான விளக்கம் ஒன்றையும் கொடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். நாட்டுக்குள் வரும்போது 5,000 டாலர் மதிப்புக்கு மேல் நோட்டாகவோ, மற்ற வடிவங்களையும் சேர்த்து 10,000 டாலருக்கு மேலோ கொண்டுவந்தவர் சுங்கத்தில் அறிவிப்புப் படிவம் கொடுத்திருக்கவேண்டும். அந்தப் படிவம் இல்லாத பெருந்தொகையை வங்கி தொடவும் செய்யாது. வெளிநாட்டில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்பியவர்கள் ஆர்எஃப்சி என்னும் வெளிநாட்டு நாணயக் கணக்கு தொடங்கமுடியுமா என்று வங்கியில் விசாரியுங்கள். விடுமுறையில் மட்டும் ஊருக்கு வருபவர்கள் வெளிநாடுவாழ் இந்தியருக்கான தங்கள் என்ஆர்இ கணக்கிலேயே நோட்டைக் கட்டலாம்.

எக்காரணத்தைக் கொண்டும் தெரிந்த கடைக்காரரிடமோ, வீடு தேடி வருபவரிடமோ கொடுத்து மாற்றாதீர்கள். ஊரடங்கில் பணமுடைக்கு ஆளான பலர் அப்படிச் செய்ததைக் கேள்விப்பட்டு வருந்தினேன். உரிமம் இல்லாதவரிடம் அந்நியச் செலாவணியை விற்பது ஃபெமா என்னும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி தவறு. தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடமுண்டு.

எங்கள் விடுதியில் வெளிநாட்டு விருந்தினர் இருவர் ஊரடங்கில் மாட்டிக்கொண்டார்கள். வங்கி அவர்களுடைய யூரோவை வாங்கவில்லை. நான் இரக்கப்பட்டு ரூபாய் கொடுத்து உதவினேன். அது சரியா? (திருவண்ணாமலை வாசகர்)

உங்கள் மனம் பெரியது. ஆனால் அறை வாடகையாக வெளிநாட்டு நோட்டு பெறுவது வேறு, பணம் மாற்றிக் கொடுப்பது வேறு. முன்னதை ரசீதெழுதி வாங்கி வங்கியில் ஒப்படைக்கவேண்டும். பின்னதற்கு உரிமம் தேவை. உரிமம் பெற்ற நிறுவனத்தின் முகவராகச் சேரும் விடுதிகள்கூட வெளிநாட்டு நோட்டை வாங்கலாமே தவிர விற்கமுடியாது. அந்த நாட்களிலும் ஏடிஎம்கள் திறந்தே இருந்தன. அவர்கள் நாட்டு அட்டையைக் கொண்டு ரூபாய் எடுத்திருக்கலாம். அட்டை வேலை செய்யாத விருந்தினருக்கு, வெளிநாட்டிலுள்ள குடும்பத்தார் பணப்பரிமாற்ற நிறுவனம் வழியாக அனுப்பும் தொகையை இங்கே ரூபாயாகப் பெறும் வழி இருக்கிறது. அடுத்த முறை அந்த வழியை எடுத்துச் சொல்லுங்கள்.

மகள் ஜெர்மனியில் படிக்கிறாள். இன்னொரு நோய்ப்பரவல் வந்து வங்கிகள் மீண்டும் இப்படி நிறுத்தினால் அவளுக்குப் பணம் அனுப்ப முடியாமல் போகுமா? (கோயம்புத்தூர் வாசகி)

போகாது. வெளிநாட்டு நாணயச் சேவைகளில் 2020-இல் நின்றது நோட்டு மாற்றம் மட்டுமே. கணக்கிலிருந்து கணக்குக்கு வெளிநாடு அனுப்பும் வழி திறந்தே இருந்தது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவமும் பான் எண்ணும் கொடுத்து ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். பெரும்பாலான வங்கிகளில் இதை வீட்டிலிருந்தே இணையம் வழியாகச் செய்யமுடிகிறது. வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு வைத்திருந்தால் அதில் தொலைவிலிருந்தே பணம் ஏற்றலாம். நோட்டாக எடுத்துச் செல்ல ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் என்பதே பெரும்பாலான நாடுகளுக்கான வரம்பு. அதிலும் முதல் சில நாட்களின் செலவுக்கு வேண்டியதை மட்டும் மகளிடம் கொடுத்தனுப்புங்கள்.

அப்போது மாற்றமுடியாமல் வைத்த 20 பவுண்டு நோட்டுகளை இப்போது கொண்டுபோனால் செல்லாது என்கிறார்கள். (சென்னை வாசகர்)

உங்களிடம் இருப்பது காகித நோட்டாக இருக்கவேண்டும். பாலிமர் 20 பவுண்டு 2020 பிப்ரவரியில்தான் வந்தது; காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு பிரிட்டனில் சட்டப்படி செல்லுபடியாகவில்லை. ஆனால் மதிப்பு அழிந்துவிடவில்லை. இங்கிலாந்து வங்கி தன் பழைய நோட்டுகளை என்றைக்கும் மாற்றித் தருகிறது. அங்கே வசிக்கும் உறவினர் வழியாகவோ அந்த வங்கி சொல்லும் அஞ்சல் முறையிலோ முயலுங்கள். அமெரிக்க டாலரில் பழைய வரிசைகள் எல்லாம் சட்டப்படி செல்லும். ஆயினும் சிறிய தலைப்படம் கொண்ட பழைய 100 டாலரை நம் ஊர் நாணய மாற்றுக்காரர்கள் தயங்கித்தான் வாங்குவார்கள்.

வங்கி இப்படி மறுத்தால் புகார் செய்யலாமா? (மதுரை வாசகர்)

வெளிநாட்டு நோட்டை வாங்க வங்கிக்கு அனுமதி உண்டு. வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் ஒவ்வொரு கிளைக்கும் இல்லை. எனவே சேவையை நிறுத்தியது தவறு என்று மட்டும் புகார் செய்தால், அது வங்கியின் வணிக முடிவு என்று ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் தள்ளிவிட வாய்ப்புண்டு. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த அந்தத் திட்டம் வணிக முடிவுகளை விலக்கியே வைத்திருக்கிறது. ஆனால் நோட்டை வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரவில்லை, அறிவித்த விகிதத்தைவிடக் குறைத்துக் கொடுத்தார்கள், கணக்கில் வரவு வைக்கத் தாமதித்தார்கள் என்பவை சேவைக் குறைபாடுகள். முதலில் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாட்களில் விடை வரவில்லை என்றாலோ, வந்த விடை ஏற்கத்தக்கதாக இல்லை என்றாலோ குறைதீர்ப்பாளரை அணுகுங்கள். கிளைக்குச் சென்ற நாள், நேரம், பேசிய அலுவலரின் பதவி ஆகியவற்றை அன்றே குறித்து வைத்துக்கொண்டால் அந்தக் கடிதம் எழுதுவது எளிதாகும்.