தவக்காலத்தில் தினம் ஒரு படம் பார்க்கலாமா?

கேள்வி: நான் கிருஷ்ணகிரி அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன். வயது 27. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை; கம்பெனி பஸ்ஸில் தினமும் போய் வருகிறேன். கத்தோலிக்கக் குடும்பம். ஒவ்வொரு தவக்காலமும், ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும், எதையாவது விடுவதாகச் சொல்லிக்கொண்டு இரண்டாம் வாரமே மறந்துவிடுவேன். இந்த ஆண்டு எதையும் விடுவதற்குப் பதில் ஒன்றைச் செய்வோம் என்று, தினம் ஒரு நல்ல படம் பார்ப்பதாகச் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று முடிவெடுத்தேன். இன்று பதினோராம் நாள். பதினொரு படம் முடித்துவிட்டேன். நேரம் போதாமல் சில படங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "தவக்காலத்தில் சினிமாவா? உன் தாத்தா இருந்திருந்தால் வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்" என்கிறார். சாயங்காலம் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால், அவர் திண்ணையில் தனியாகப் புளி தட்டிக்கொண்டிருக்கிறார். மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் செய்வது தவறா? படம் பார்ப்பதையே ஒறுத்தலாக எடுத்துக்கொண்டால் வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனத்தை விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

அன்புத் தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். விட முடியாது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்ப்பது பதினான்கு வயது நிறைந்த எல்லோருக்கும் உள்ள கடமை. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். 18 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் அந்த இரண்டு நாளும் நோன்பிருக்க வேண்டும். உடல்நிலையோ வேலையின் கடுமையோ தடையாக இருந்தால் பங்குத்தந்தையிடம் பேசலாம். நாமாக ஒன்றைக் கழித்து இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வது கிடையாது.

இனி உங்கள் படங்களுக்கு வருகிறேன்.

சினிமா பார்ப்பது பாவமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் அம்மாவின் கோபத்துக்குப் பின்னால் அந்தக் கேள்விதான் நிற்கிறது. பாவமில்லை. 1936-லேயே திருத்தந்தை 11-ஆம் பயஸ் திரைப்படத்தைப் பற்றித் தனியாக ஒரு சுற்றுமடல் எழுதினார். 1995-இல், சினிமா பிறந்து நூறாண்டு ஆனபோது, வத்திக்கான் 45 படங்களைத் தேர்ந்து ஒரு பட்டியல் வெளியிட்டது. சமயம், விழுமியம், கலை என்று மூன்று பிரிவு, பிரிவுக்குப் பதினைந்து படம். 'காந்தி' படம் அதில் இருக்கிறது, சாப்ளினும் இருக்கிறார். ஆகவே நல்ல படம் ஒருவனைக் கடவுளிடம் கொண்டுபோகும் என்று நீங்கள் நினைத்ததில் பிழை எதுவும் இல்லை.

ஆனாலும் இந்த விஷயத்தில் நான் அம்மாவின் பக்கம்தான் அதிகம் சாய்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

தவக்காலத்தில் கோயிலுக்குள் நுழைந்ததும் என்ன மாறியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பீடத்தில் பூ இல்லை. 'உன்னதங்களிலே' பாடுவதில்லை. அல்லேலூயா நின்றுவிட்டது. ஐந்தாம் வாரம் வந்தால் பல கோயில்களில் சிலுவையையும் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். பெரிய வியாழன் இரவுக்குப் பிறகு மணியும் அடிக்காது, மரக்கட்டையைத் தட்டுவார்கள். வயிற்றுக்கு மட்டும் நோன்பு வைத்துவிட்டுத் திருச்சபை நிறுத்திக்கொள்ளவில்லை, தம்பி. கண்ணுக்கும் காதுக்கும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஆண்டு முழுவதும் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன சிலுவையைச் சில நாள் மறைத்து வைத்து, பெரிய வெள்ளியன்று துணியை விலக்கிக் காட்டும்போது அதை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் இருக்கும். உங்கள் தாத்தா காலத்தில் இந்த நாட்களில் கல்யாணம் வைக்காததும் கொட்டகைப் பக்கம் போகாததும் இதே வழியில் வந்த பழக்கம்தான். அம்மாவுக்கு இதை விளக்கிச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். அவர் அதில் வளர்ந்தவர்.

எங்கள் ஊர் தர்மபுரிப் பக்கம். நான் சிறுமியாக இருந்தபோது, புனித வாரத்தில் ஒரு நாள் கோயில் முன்னால் இரண்டு கழி நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பதினாறு எம்.எம். புரொஜெக்டர் வரும். படம், 1978-இல் தெலுங்கில் வந்த 'கருணாமயுடு'வின் தமிழ் வடிவம். நம் 'பாசமலர்' பீம்சிங் இயக்கியது. இயேசுவாக நடித்தவர் விஜயசந்தர். சாயங்காலமே பாய் கொண்டுபோய் இடம் பிடித்துவிடுவோம். என் பாட்டி மட்டும் பாய் விரிக்க மாட்டார். செருப்பைத் தள்ளிக் கழற்றிவைத்துவிட்டு வெறும் மண்ணில், திரையைப் பார்த்து, கோயிலுக்குள் உட்காருவதுபோலவே உட்காருவார். காற்றடித்தால் துணி உப்பும். சிலுவை சுமந்துபோகும் இயேசுவின் முகம் விரிந்து சுருங்கி மறுபடியும் நேராகும். ரீல் மாற்றும்போது இருட்டில் யாராவது ஒரு அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கி வைப்பார்கள். அடுத்த ரீல் ஓடத் தொடங்கும்வரை கூட்டம் முழுவதும் செபிக்கும். ஆணி அறையும் காட்சி வரும்போது பாட்டி மார்பில் அடித்துக்கொள்வார். அடுத்த நாள் முழுவதும் அவர் அதிகம் பேசியதாக எனக்கு நினைவில்லை.

ஆண்டுக்கு ஒரு படம். நாற்பது வருடம் ஆன பிறகும் அந்தத் துணியின் உப்பல்கூட எனக்குக் கண்ணில் நிற்கிறது. நீங்கள் பார்த்த பதினொன்றில் மூன்றாவது படத்தின் கடைசிக் காட்சி என்ன? யோசிக்காமல் சொல்ல முடிகிறதா? என் பாட்டியின் கண்ணுக்குப் பசி இருந்தது. அதனால் போட்டதெல்லாம் உள்ளே இறங்கியது. உங்கள் கண்ணுக்கு இப்போது பசி கிடையாது.

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது: ஒன்றரை மடங்கு வேகம். ஒரு மனிதன் அழுவதை வேகப்படுத்திப் பார்த்திருக்கிறீர்கள். இயக்குநர் வேண்டுமென்றே விட்ட மௌனத்தைத் தாண்டி ஓடியிருக்கிறீர்கள். உங்களை எதுவும் அவசரப்படுத்தவில்லை, எண்ணிக்கையைத் தவிர. பதினொன்று பன்னிரண்டாக வேண்டும், அவ்வளவுதான். ஐம்பத்து மூன்று மணியையும் ஒரே மூச்சில் உருட்டி முடித்துவிட்டு, செபமாலை சொல்லியாயிற்று என்று எழுந்திருப்பதுபோலத்தான் இதுவும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். நாற்பது நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 80 மணி நேரம். ஷிப்டும் பஸ் பயணமும் போக உங்கள் வீட்டுக்கு மிஞ்சுவதே அவ்வளவுதான். சாம்பல் புதனன்று வாசிக்கும் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு மூன்றைச் சொல்கிறார்: தர்மம், செபம், நோன்பு. உங்கள் திட்டத்தில் இந்த மூன்றில் எது இருக்கிறது? செபத்தை வேண்டுமானால் படத்துக்குள் தேடிப் பிடிக்கலாம். மற்ற இரண்டும் எங்கே? அடுத்து வரும் வெள்ளியன்று வாசிக்கும் எசாயா 58 இன்னும் கடுமையானது. பசித்தவனோடு உன் உணவைப் பகிர்ந்துகொள், உன் சொந்த இரத்தத்துக்கு முகத்தை மறைக்காதே, இதுதான் நான் விரும்பும் நோன்பு என்கிறது. ஹெட்போனும் ஒருவகையில் முகத்தை மறைப்பதுதான்.

ஆகவே, நிறுத்திவிடுங்கள் என்று சொல்லப்போவதில்லை. குறையுங்கள். வாரத்துக்கு ஒன்று, சனிக்கிழமை இரவு. வெள்ளிக்கிழமை கட்டாயம் வேண்டாம். அன்று கோயிலில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பதினான்கு நிலைகள் இருக்கின்றன, சிலுவைப் பாதைக்குப் போங்கள். ஞாயிறு நாற்பதில் சேராது. சாம்பல் புதனிலிருந்து புனித சனி வரை எண்ணினால் 46 நாள், அதில் ஆறு ஞாயிறு போகத்தான் நாற்பது. ஒவ்வொரு ஞாயிறும் உயிர்ப்பின் நாள் என்பதால் அதைக் கழித்துவிடுகிறோம். புனித சனியன்று இரவு பாஸ்கா (ஈஸ்டர்) திருவிழிப்பு இருக்கிறது, அன்றும் வேண்டாம். இந்த ஆண்டு ஏப்ரல் 5 பாஸ்கா. இந்த இதழ் கைக்கு வரும்போது உங்களுக்கு நான்கு சனிக்கிழமை மிஞ்சலாம். நான்கு படம் தாராளம்.

படம் முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓட்டிவிடும் வசதியை அணைத்துவையுங்கள். கால்மணி நேரம் செல்போனைத் தொடாதீர்கள். பார்த்த படத்தைப் பற்றி எங்கேயும் எழுதாதீர்கள், நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள். நோன்பிருப்பவன் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளட்டும், வெளியே தெரிய வேண்டாம் என்று அதே மத்தேயு ஆறு சொல்கிறது. படத்துக்காக மாதக் கட்டணம் கட்டுகிறீர்கள் என்றால் அதே அளவு பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டுவிடுங்கள்.

என்ன பார்ப்பது என்பதில் எனக்குத் தீர்மானமான விருப்பம் உண்டு. முதல் சனிக்கிழமைக்கு 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 1948-இல் இத்தாலியில் தெ சிகா எடுத்தது. நான் சொன்ன 45-இலும் இருக்கிறது. வேலையில்லாத ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது, ஆனால் சைக்கிள் வேண்டும். சைக்கிளோ அடகில். மனைவி கட்டிலில் விரித்திருக்கும் படுக்கைவிரிப்புகளை உருவிக்கொண்டுபோய் அடகு வைக்கிறாள். அடகுக்கடை ஊழியன் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரியில் ஏறுகிறான், ஏறுகிறான், மேலே மேலே போகிறான். கூரை வரை அதேபோல் மூட்டைகள். எத்தனை வீட்டுப் படுக்கை! பித்தளைத் தவலையையும் கம்மலையும் சேட்டுக் கடையில் வைத்து மீட்ட நம் ஊர்த் தாய்மார்களுக்கு அந்தக் காட்சிக்குச் சப்டைட்டில் தேவைப்படாது. கடைசியில், சைக்கிளைப் பறிகொடுத்த அந்த நல்ல மனிதன் தானே இன்னொருவனின் சைக்கிளைத் திருடப் போய், மகன் கண்முன்னால் பிடிபடுகிறான். பிறகு அந்தச் சிறுவன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறான். சோதனை என்பது என்ன, மன்னிப்பு என்பது என்ன என்று அதைவிடத் தெளிவாக ஒரு பிரசங்கத்தில் நான் கேட்டதில்லை.

இரண்டாவதாக, 1928-இல் டிரையர் எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க் படம். மௌனப் படம், பெரும்பாலும் முகங்கள்தான். புனித ஜோனாக நடித்த ஃபால்கோனெட்டியின் கண்ணீர் கன்னத்தில் இறங்கும் வேகத்தை ஒன்றரை மடங்காக்க உங்களுக்கு மனம் வராது. மற்ற இரண்டை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். 'பேபெட்ஸ் ஃபீஸ்ட்' என்ற டென்மார்க் படத்தை மட்டும் இப்போது தொடாதீர்கள். லாட்டரியில் விழுந்த பத்தாயிரம் பிராங்கையும் ஒரே ஒரு விருந்துக்குச் செலவிட்டு, சிரிக்க மறந்துபோன ஒரு பக்திமான் கூட்டத்துக்கு ஒருத்தி சமைத்துப்போடும் கதை. அது பாஸ்கா ஞாயிறன்று, பிரியாணி சாப்பிட்ட பிறகு பார்க்க வேண்டியது.

கடைசியாக, அம்மா. புளி உலுக்கும் காலம் இது. வெயிலில் காய்ந்த புளியை ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டையைத் தட்டி எடுப்பதற்குள் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய் எரியும். எனக்குத் தெரியும், நானும் தட்டியிருக்கிறேன். அந்தக் கையோடு உள்ளே எழுந்துவந்து, படத்தை நிறுத்து என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தும் அவர் சொல்லவில்லை. பேசாமல் இருக்கிறார். சினிமாவைவிட, சாயங்காலம் பக்கத்தில் ஆள் இல்லாததுதான் அவருக்கு அதிகம் உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன்.

திங்கள் முதல் வியாழன் வரை படம் பார்த்த நேரத்தில் திண்ணைக்குப் போங்கள். கொட்டை தட்டத் தெரியாவிட்டால் நாராவது உருவுங்கள். மூன்று நாள் மௌனத்துக்கு மன்னிப்பையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். கை வேலை செய்துகொண்டிருக்கும்போது அது சுலபம். சனிக்கிழமை செபமாலை முடிந்ததும் டிவியில் படத்தைப் போடுங்கள், ஹெட்போன் வேண்டாம். சப்டைட்டில் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அம்மாவுக்காக ஒவ்வொரு வரியையும் நீங்கள் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். நடுவில் அவர் கேள்வி கேட்பார். இவன் ஏன் போலீஸிடம் சரியாகச் சொல்லவில்லை, அந்தப் பையன் சாப்பிட்டானா, அந்தப் படுக்கைவிரிப்பை மீட்டார்களா என்றெல்லாம் கேட்பார். ஒவ்வொரு கேள்விக்கும் படத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரப் படம் மூன்று மணி நேரம் ஆகும். ஆகட்டும்.