ஐந்து நாள் மலைநாட்டுச் சுற்றுக்குச் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். நான் அரச அலுவலகமொன்றில் வேலை, மனைவி ஆசிரியை. ஓகஸ்ட் விடுமுறையில் இரண்டு பிள்ளைகள், அம்மா, தம்பி, தம்பியின் மனைவி என ஏழு பேர் வானில் போக இருக்கிறோம். கண்டி, நுவரெலியா, எல்ல, பாசிக்குடா, ஒவ்வொரு இடத்திலும் ஓர் இரவு. ஒரு வான்காரர் டீசலோடு கிலோமீற்றருக்கு 130 ரூபா கேட்கிறார், ஆகக் குறைந்தது நாளுக்கு 150 கிலோமீற்றர் என்கிறார். இன்னொருவருக்கு நாள் வாடகை 13,000 ரூபா. அதில் நாளுக்கு 100 கிலோமீற்றர் ஓடலாம், மேலதிக கிலோமீற்றருக்கு 60 ரூபா, டீசல் நாங்கள் அடிக்க வேண்டும். இருவருக்கும் சாரதிக்கான நாட்படி (பாட்டா) 2,500 ரூபா. கையில் 150,000 இருக்கிறது, தம்பி 60,000 தருவான். மிச்சத்துக்கு மனைவியின் சங்கிலியை அடகு வைக்கவா, டிசம்பரில் முதிர்கிற 300,000 ரூபா நிலையான வைப்பை உடைக்கவா? மட்டக்களப்பு கல்லடியில் அம்மாவின் தங்கை இருக்கிறா, போகிற வழியில் அவவையும் பார்க்க வேண்டும்.

பதில்: இரண்டும் வேண்டாம். உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதோடு, உங்கள் திட்டத்தில் பணம் கசிகிற இடங்கள் மூன்று இருக்கின்றன. அவற்றை அடைத்தாலே கடன் தேவைப்படாது.

முதலில் பாதை. திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி சுமார் 180 கிலோமீற்றர். கண்டியிலிருந்து கம்பளை, ரம்பொடை வழியே நுவரெலியா ஏறக்குறைய 80. வெலிமடை, பண்டாரவளை வழியே எல்ல 60 அளவில். அங்கிருந்து பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா, செங்கலடி என இறங்கி மட்டக்களப்பு 190. மட்டக்களப்பிலிருந்து வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியே வீடு 140. கூட்டினால் 650. பக்கத்து இடங்களுக்கு 50 சேர்த்து 700 என்று வைத்துக்கொள்ளுங்கள். போன வழியால் திரும்பாத வட்டப் பாதை இது. அந்த விடயத்தில் உங்கள் திட்டம் நல்ல திட்டம்தான்.

இப்போது வான். முதலாமவரின் 130 ரூபா மலிவாகத் தெரியும். விஷயம் அந்த 150 கிலோமீற்றரில் இருக்கிறது. நீங்கள் ஓடப்போவது முதல் நாள் 190, பிறகு 100, 80, 190, 140. ஒவ்வொரு நாளையும் தனித்தனியே பார்த்தால், குறைவாக ஓடிய மூன்று நாட்களும் 150 ஆக உயர்ந்து மொத்தம் 830 கிலோமீற்றராகும். அப்போது வாடகை 107,900, பாட்டா 12,500, ஆக 120,400 ரூபா. அதே நிபந்தனையை முழுப் பயணத்துக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் 5 நாளுக்கு 750 கிலோமீற்றர்தான். பாட்டாவோடு 110,000. கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "ஆகக் குறைந்த கிலோமீற்றரை நாளுக்குப் பார்ப்பீர்களா, மொத்தத்துக்கா?" இதற்கு 10,400 ரூபா பெறுமதி. மொத்தத்துக்குத்தான் என்று அவர் ஒத்துக்கொண்டால் எழுதி வாங்குங்கள். மீற்றர் உங்கள் வாசலில் தொடங்குகிறதா, அவருடைய வீட்டிலிருந்தா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாமவருக்கு வாடகை 65,000. மேலதிக 200 கிலோமீற்றருக்கு 12,000. மலை ஏற்றத்தோடு லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடுகிறது, டீசல் லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் டீசலுக்கு 26,250. பாட்டா 12,500. மொத்தம் 115,750. எரிபொருள் விலை மாதாமாதம் திருத்தப்படுவதால் ஓகஸ்ட்டில் ஏறினால் அந்தச் சுமை உங்கள் தலையில். எனவே முதலாமவர் மொத்தக் கணக்குக்கு இறங்கி வந்தால் அவரை எடுங்கள். இறங்காவிட்டால் இரண்டாமவர்.

ஒன்றை மறக்க வேண்டாம். வானின் காப்புறுதிப் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். தனிப்பட்ட பாவனைக்கென்று காப்புறுதி செய்த வாகனத்தை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால், காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமிருக்கிறது. வருமான அனுமதிப் பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் ஓகஸ்ட் முடியும்வரை செல்லுபடியாக வேண்டும். பாட்டாவுக்குள் சாரதியின் சாப்பாடும் படுக்கையும் அடங்குமா என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். இரவு எட்டு மணிக்கு நுவரெலியாவில் நின்று பேச முடியாது.

அடுத்தது அறை. நீங்கள் நான்கு இரவுக்கும் இரவுக்கு 15,000 வீதம் 60,000 வருமென்று நினைத்தால், அந்த 15,000 எந்த 15,000 என்று கேளுங்கள். சேவைக் கட்டணம் 10 வீதமும் அதற்கு மேல் வற் வரி 18 வீதமும் பிறகு சேர்ந்தால் அதே அறை 19,470 ஆகிவிடும். "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு, வருகிற பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையர் விலை கேட்கவும் தயங்க வேண்டாம். எல்லயில் இது முக்கியம். அங்கே பல இடங்களில் விலைப்பட்டியலே வெளிநாட்டவரை மனதில் வைத்துப் போட்டது.

கண்டி எசல பெரஹரா, ஓகஸ்ட்டில் வரும் நிகினி பௌர்ணமியை ஒட்டி நடக்கும். அந்தப் பத்து நாளில் கண்டியில் அறை எடுப்பது காசை வாவிக்குள் போடுவது மாதிரி. விடுமுறைத் திகதி அதற்குள் விழுந்தால் மாத்தளையில் தங்கி, காலையில் கண்டியைத் தாண்டிப் போங்கள். எல்லயில் தூங்க வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்திலுள்ள பண்டாரவளையில் தங்கினால் அறை மலிவு, கடையும் வைத்தியசாலையும் பக்கத்தில். ஒன்பது வளைவுப் பாலத்தைக் காலையில் போய்ப் பார்க்கலாம்.

பாசிக்குடாவை வெட்டிவிடுங்கள். உப்புவெளிக் கடற்கரையில் குடியிருப்பவர்கள் இன்னொரு கடற்கரையில் படுக்கக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான்காம் இரவு கல்லடியில் சின்னம்மா வீடு. வெறுங்கையோடு போக முடியாது, அதனால் பழம், பிள்ளைகளுக்கு உடுப்பு, அன்றைய மீன் செலவு என 8,000 ஒதுக்குங்கள். அப்போதும் மிச்சம்தான்.

அரச உத்தியோகத்தரான உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. திணைக்களங்களுக்கு மலைநாட்டில் சுற்றுலா விடுதிகள் உண்டு, நம்மவர் சேர்கிட் பங்களா என்பார்களே, அவை. உங்கள் திணைக்களம், மனைவியின் கல்வித் திணைக்களம் இரண்டிலும் விசாரியுங்கள். ஓகஸ்ட் விடுமுறைக்கு ஆட்கள் மாதங்களுக்கு முன்பே எழுதிப்போடுகிறார்கள், எனவே இந்த வாரமே விண்ணப்பியுங்கள். கிடைத்தால் லாபம். கிடைக்குமென்று நம்பிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எங்கே நிற்பது என்பதும் பணக் கேள்விதான். நாலந்த கெடிகே தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து ஒரு கிலோமீற்றர் உள்ளே இருக்கிறது. தென்னிந்தியக் கோயில் பாணியில் கருங்கல்லால் கட்டிய பழைய பௌத்த வழிபாட்டிடம். போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகப் பிரித்து உயர்ந்த இடத்துக்கு மாற்றினார்கள். கூட்டமில்லை, அம்மா அதிகம் படி ஏறவும் வேண்டாம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வீதியோரமே. அதே வீதியில் வாசனைத் திரவியத் தோட்டங்கள் வரிசையாக வரும். சுற்றிக் காட்டுவது இலவசம்தான். கடைசியில் எண்ணெய்ப் போத்தல் விற்கும் அறையில்தான் பணம் போகும், அதிலொரு பங்கு வாகனம் கொண்டுவந்தவருக்கும் போவது வழக்கம். சாரதி அங்கே நிறுத்த ஆசைப்பட்டால் காரணம் புரியும்.

கண்டியில் தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா. சிகிரியா ஏறுவது அம்மாவுக்கும் ஆகாது, நேரத்துக்கும் ஆகாது. ரம்பொடையில் நீர்வீழ்ச்சியும் ஆஞ்சநேயர் கோயிலும் பக்கம் பக்கம். நுவரெலியாவுக்கு அப்பால் சீத்தா எலிய சீதையம்மன் கோயிலும் ஹக்கல பூங்காவும் மூன்றாம் நாள் போகிற வழியிலேயே வருகின்றன, அவற்றுக்கென்று டீசல் இல்லை. ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியுமுன் புறப்பட வேண்டும், தனியாக 60 கிலோமீற்றராவது கூடும், முகில் மூடினால் அங்குள்ள ‘உலக முடிவு’ என்ற மலை விளிம்பில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். இந்தக் குடும்பத்துக்கு, இந்தத் தொகைக்கு, வேண்டாம். ஓகஸ்ட்டில் ரம்பொடைப் பக்கம் தூறும். ஊவாப் பக்கம் கச்சான் காற்று அடித்துக் காய்ந்திருக்கும், பதுளையின் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியில் தண்ணீர் மெலிந்திருக்கலாம். நடை தூரத்தை யோசித்து அம்மாவோடு ஒருவர் வானில் இருக்கட்டும். மகாஓயாவில் வெந்நீரூற்று இருக்கிறது. கன்னியாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது ஓர் ஒப்பீடு, கால் மணிநேரம் போதும்.

நேரத்தைத் தவறவிட்டாலும் காசு போகும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையிலும் மகாஓயாப் பக்கமும் மாலை மங்கினால் யானை வீதிக்கு வரும். இருட்டில் அந்தத் துண்டுகளில் ஓடாதபடி புறப்படுங்கள். பசறை, லுணுகலை வளைவுகளைக் காலையிலேயே முடிக்க வேண்டும், வாந்தி மருந்தைப் புறப்பட அரை மணிநேரம் முன்பே கொடுங்கள். நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று சாரதி நியூட்ரலில் விட்டால் உடனே தடுங்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரைக் குறைத்துத்தான் இறங்க வேண்டும். வேகத்துக்குத் தண்டச் சீட்டு விழுந்தால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும், பிந்தினால் இரட்டிப்பு. சாரதியின் தவறுக்கான தண்டம் சாரதியுடையது என்பதையும் அந்த ஒப்பந்தத் தாளில் ஒரு வரியாகச் சேருங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலைநாட்டில் மண்சரிவும் வீதிச் சேதமும் எவ்வளவென்று தெரியும். புறப்படுவதற்கு முதல் நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். சிவப்பு என்றால் அந்த மாவட்டத்துக்குப் போக வேண்டாம். அதனால்தான் முற்பணம் கட்டும்போது "பணம் திருப்பித் தருவீர்களா?" என்று கேட்பதைவிட "திகதி மாற்றித் தருவீர்களா?" என்று கேட்பது பலன் தரும். திருப்பித் தர மறுப்பவர்கள்கூட திகதி மாற்றச் சம்மதிப்பார்கள்.

இனிக் கூட்டிப் பார்ப்போம். உங்கள் முதல் திட்டத்தில் வான் 120,400, அறை 60,000, சாப்பாடு பெரியவருக்கு நாளுக்கு 2,000, பிள்ளைக்கு 1,200 வீதம் 62,000, நுழைவுச் சீட்டும் தரிப்பிடமும் 20,000, எதிர்பாராச் செலவுக்குக் கைகாவல் 25,000. மொத்தம் 287,400. கையில் 210,000. அதனால்தான் சங்கிலி நினைவுக்கு வந்திருக்கிறது.

திருத்திய திட்டத்தில் வான் 110,000. கண்டி 12,000, நுவரெலியா 18,000, பண்டாரவளை 12,000, ஆக அறை 42,000. சின்னம்மா வீட்டுக்கு 8,000. முதல் நாள் கட்டுச்சோறு, கல்லடியில் இரவும் காலையும் வீட்டுச் சாப்பாடு என்பதால் சாப்பாடு 45,000. சீட்டும் தரிப்பிடமும் 12,000. இவை 217,000. கைகாவலுக்கு 20,000 சேர்த்தால் 237,000. துண்டு விழுவது 27,000. மாதம் 5,400 வீதம் ஐந்து மாதம் சேர்த்தால் முடிந்தது. சம்பள நாளிலேயே வேறு கணக்குக்குத் தானாக மாறும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். தம்பியின் 60,000 நியாயமானது. கைகாவல் நீங்கலான 217,000இல் ஏழில் இரண்டு பங்கு 62,000, அதற்கு மேல் கேட்டு மனஸ்தாபம் தேட வேண்டாம்.

அடகை ஏன் வேண்டாம் என்கிறேன்? முதல் திட்டத்தில் குறைந்த ஏறக்குறைய 77,000 ரூபாவுக்கு வருடம் 15 வீதம் என்றால் வட்டி 11,550. அந்தத் தொகை உங்களைக் கவிழ்க்காது. சுற்றுலாவுக்காக வைத்த நகையை மீட்க அடுத்த மாதம் வருமானமொன்று வரப்போவதில்லை என்பதே பிரச்சினை. வருட முடிவில் வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பிப்பீர்கள், மறுவருடமும் அதேதான். ஒரு தவணை தவறினால் ஏலக் கடிதம் வரும்.

நிலையான வைப்பை உடைப்பதும் வீண். 8 வீதம் என்று வைத்தால் ஓகஸ்ட்டுக்குள் 8 மாத வட்டி 16,000. இடையில் உடைத்தால் வங்கி குறைந்த வீதத்தில்தான் கணக்கிடும். 4 வீதமென்றால் 8,000 போய்விடும். வழியில் வைத்தியச் செலவு மாதிரி ஏதும் வந்து உண்மையிலேயே பணம் தேவைப்பட்டால் வைப்பை வைத்தே கடன் கேளுங்கள். 50,000 ரூபாவை 11 வீதத்தில் நான்கு மாதத்துக்கு எடுத்தால் வட்டி 1,833தான். கடனெடுக்கத் தேவையான படிவங்களைப் புறப்படுமுன் கிளையில் கேட்டுத் தெரிந்து வைத்திருங்கள்.

வைப்புப் பேச்சு வந்ததால் இன்னொன்று. 2025 ஏப்ரல் 1 முதல் வைப்பு வட்டியில் 10 வீதம் நிறுத்திவைப்பு வரி பிடிக்கிறார்கள். வைப்பு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடைய வருட வருமானம் எல்லாம் சேர்த்து 1,800,000 ரூபாவுக்கு மேற்படாவிட்டால், வரி செலுத்துநர் இலக்கத்தோடு சுயபிரகடனம் ஒன்றை வங்கிக்குக் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். வருட வட்டி 24,000இல் அது 2,400 ரூபா, ஏறக்குறைய சாரதிக்கு ஒருநாள் பாட்டா.