வாசகர் கேள்விகள்: போதைக் காளான் மன அழுத்தத்துக்கு மருந்தாகுமா?

அக்காவுக்குப் பல வருடமாக மன அழுத்தம். எசிட்டலோபிராம் உட்பட மூன்று மருந்து மாற்றியாயிற்று. வெளிநாட்டில் ‘மேஜிக் மஷ்ரூம்’ ஒரே தடவை கொடுத்துக் குணப்படுத்துகிறார்களாமே? – வாசகி, திருச்சி

காளானை அப்படியே கொடுப்பதில்லை. அதிலுள்ள சைலோசைபினை ஆய்வகத்தில் தயாரித்து, அளவு பிசகாமல் கேப்ஸ்யூலாகக் கொடுக்கிறார்கள். 2022-ல் வெளியான ஆய்வில், பிற மருந்துகளுக்கு மசியாத மன அழுத்தம் உள்ள 233 பேருக்கு 25, 10 அல்லது 1 மில்லிகிராம் ஒரே முறை தரப்பட்டது. மூன்று வாரத்தில் 25 மி.கி. குழுவில் 37 சதவீதம் பேருக்கு நோயின் கடுமை பாதியாவது குறைந்தது, 1 மி.கி. குழுவில் 18 சதவீதம். ஆனால் 12 வாரம் வரை அந்தப் பலன் நிலைத்தது, 25 மி.கி. எடுத்தவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான். தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ மூன்று குழுக்களிலும் பதிவானது. இதைக் ‘குணப்படுத்தல்’ என்று சொல்ல மாட்டோம். ஆனாலும் எதற்கும் அசையாத நோயில் ஐந்தில் ஒருவர் மூன்று மாதம் நிமிர்ந்திருப்பது சாதாரணமுமல்ல.

ஒரு மாத்திரைக்கு எதற்கு நாள் முழுக்க ஆஸ்பத்திரி? – வாசகர், மதுரை

மாத்திரை சிகிச்சையின் ஒரு பகுதி மட்டுமே. முதல் வேலை ஆட்களைத் தேர்ந்தெடுப்பது: தனக்கோ நெருங்கிய உறவினருக்கோ மனச்சிதைவு இருந்தால் சேர்ப்பதில்லை. இருதுருவ நோய் (அளவுகடந்த உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வருவது), கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களையும் தவிர்ப்பார்கள். எசிட்டலோபிராம் போன்றவை சைலோசைபினின் வேகத்தை மழுக்கக்கூடும் என்பதால் பல ஆய்வுகளில் அவற்றைப் படிப்படியாகக் குறைத்து, இரண்டு வாரமாவது முன்பே நிறுத்துகிறார்கள். அந்த இடைவெளியிலேயே நோய் முற்றிவிடலாம்; வீட்டில் தானாக நிறுத்துவது ஆபத்து. மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மருந்து எடுப்பவருக்குச் சைலோசைபின் தந்தால் வலிப்பு வரலாம்.

சிகிச்சை நாளன்று காலை கேப்ஸ்யூல். உடலில் அது சைலோசினாக மாறி, மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் 2ஏ ஏற்பிகளைத் தூண்டும். ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, இரண்டு மூன்று மணியில் உச்சமடைந்து, ஆறு மணி நேரத்தில் அடங்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு இசை கேட்டபடி படுத்திருப்பார்; பயிற்சி பெற்ற இருவர் கூடவே இருந்து, ரத்த அழுத்தத்தையும் அவ்வப்போது பார்ப்பார்கள். கடும் பயம் பிடித்து எழுந்து ஓடப் பார்ப்பதுண்டு. அப்போது கையைப் பிடித்து ஆற்றுப்படுத்த முன்பே பழகிய முகம் வேண்டும். அதற்காகத்தான் முன்கூட்டியே பல மணி நேரம் பேசி வைக்கிறார்கள். மறுநாளிலிருந்து, அன்று வந்த நினைவுகளைப் பற்றிய பேச்சு தொடரும்.

இவ்வளவு பழைய மருந்தாமே, ஏன் கைவிட்டார்கள்? – மாணவர், கோவை

சைலோசைபின் வகையைச் சேர்ந்த எல்.எஸ்.டி. என்ற போதை மருந்திலிருந்து கதையைத் தொடங்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சாண்டோஸ் மருந்து நிறுவன வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938-ல் அதைத் தயாரித்தார். 1943 ஏப்ரல் 19-ல் 0.25 மில்லிகிராம் தானே உட்கொண்டு பார்த்தார். ஐம்பதுகளில் கனடாவின் சஸ்காட்செவனில் குடிநோயாளிகளுக்கு இதைத் தந்தார்கள். 1970-ல் அமெரிக்கச் சட்டமும் 1971-ல் ஐ.நா. உடன்படிக்கையும் இந்த வகை மருந்துகளுக்கெல்லாம் கதவைச் சாத்தின. அரசியலை மட்டும் குறை சொல்வது சரியல்ல. அன்றைய ஆய்வுகள் பலவற்றில் ஒப்பீட்டுக் குழுவே கிடையாது. இன்றும் அந்தச் சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது: உண்மையான மருந்து கிடைத்தவருக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது, எதிர்பார்ப்பும் ஏறிவிடுகிறது. 2024 ஆகஸ்டில் எம்.டி.எம்.ஏ. என்ற இன்னொரு போதை மருந்தைச் சிகிச்சைக்கு அமெரிக்க மருந்துத் துறை ஏற்க மறுத்தபோது எழுந்த கேள்விகளில் இதுவும் ஒன்று.

கொடைக்கானல் காளானைக் கொஞ்சமாகச் சாப்பிட்டால் அதே பலன்தானே? – வாசகர், திண்டுக்கல்

இல்லவே இல்லை. ஒரே இடத்தில் பறித்த காளான்களிலும் சைலோசைபின் அளவு பல மடங்கு மாறும். அதைவிடப் பயங்கரம், பார்வைக்கு அதேபோன்ற சில சிறு பழுப்புக் காளான்களில் கல்லீரலை அழிக்கும் நஞ்சு உண்டு. வேகவைத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆறு மணி நேரம் கழித்தே தொடங்குவதால், போதை என்று நினைத்து இருந்துவிடுவார்கள். சட்டப்படியும் சைலோசைபின் 1985-ன் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது.

திருச்சி வாசகிக்கும் சேர்த்து: இங்கே மருத்துவர் முறையாகத் தரக்கூடியது கெட்டமின் என்ற மயக்க மருந்து. எடையில் கிலோவுக்கு 0.5 மி.கி. வீதம் 40 நிமிடம் ரத்தநாளத்தில் ஏற்றுவார்கள். பலன் சில மணி நேரத்திலேயே தெரியலாம், சில நாளில் குறையவும் செய்யும். அதற்கு முன், அக்கா ஏற்கெனவே எடுத்த ஒவ்வொரு மருந்தும் முழு அளவில், ஆறு வாரமாவது தரப்பட்டதா, தைராய்டு பார்த்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மின்னதிர்வுச் சிகிச்சை பற்றியும் கேளுங்கள். மயக்கம் கொடுத்துச் செய்யப்படும் அதற்கு, கடும் மன அழுத்தத்தில் சைலோசைபினைவிட வலுவான ஆதாரம் இருக்கிறது.