சம்சாரம் என்றால் மனைவியா, பேச்சா, பிறவியா? சில கேள்விகளும் பதில்களும்

'சம்சாரம்' என்ற சொல்லைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு, வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

வடமொழியில் இதற்கு மூலப் பொருள் என்ன?

'ஸ்ரு' என்பது வினையடி. ஓடுதல், நகர்தல் என்று பொருள். 'சம்' முன்னால் சேர்ந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விடாமல் ஓடிக்கொண்டே இருப்பது. பிறந்து, இறந்து, மறுபடி பிறக்கிற ஓட்டத்துக்கு அது பெயரானது. மனம் அடங்காதவன் மறுபிறவி இல்லாத அந்த உயர்நிலையை அடைவதில்லை, சம்சாரத்துக்கே வந்து சேர்கிறான் என்கிறது கட உபநிடதம். கீதையின் 12ஆம் அத்தியாயத்தில் 'ம்ருத்யு சம்சார சாகராத்' என்று வரும், அதாவது மரணத்தோடு கூடிய பிறவிக்கடலிலிருந்து. நம் குறள் சொல்லும் 'பிறவிப் பெருங்கடல்' நினைவுக்கு வருகிறதல்லவா? இந்துக்களுக்கு மட்டும் உரிய சொல்லும் அல்ல. பௌத்தரும் சமணரும் இதே சொல்லைத்தான் ஆள்கிறார்கள்.

மலையாளத்தில் மட்டும் ஏன் 'பேச்சு' என்கிறார்கள்? தப்பாகப் புரிந்துகொண்டார்களா?

தப்பு இல்லை. பாலக்காட்டுப் பக்கம் ஒரு பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே 'சம்சாரிக்கருது' என்று எழுதியிருந்ததை முதன்முதலில் பார்த்தபோது நானும் திகைத்தேன். ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள் என்பதுதான் செய்தி. அதே மலையாளத்தில் பக்திப் பாட்டில் 'சம்சார சாகரம்' வந்தால் அது பிறவிக்கடல். இரண்டு பொருளும் ஒரே வாயில் சண்டையில்லாமல் புழங்குகின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை: ஒரு மொழியின் அகராதியை வைத்துக்கொண்டு பக்கத்து மொழியைத் திருத்தப் போகாதீர்கள்.

மற்ற மொழிகளில்?

இந்தியில் 'சன்சார்' உலகம். மராத்தியிலும் வங்காளத்திலும் வீடு, குடித்தனம் என்ற பொருள் முன்னால் நிற்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் குடும்ப வாழ்க்கை. கடல் தாண்டி மலாயில் 'செங்சாரா' ஆகி, துன்பம் என்று பொருள்படுகிறது. தாய்லாந்தில் 'சொங்சான்' என்றால் இரக்கப்படுதல். பிறவிச் சுழலில் கிடந்து அல்லாடுகிறவனைப் பார்த்தால் துன்பமும் இரக்கமும் வரத்தானே செய்யும்!

சஞ்சாரமும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது 'சர்' என்ற வேறு வினையடி.

சம்ஸ்காரம்?

அதுவும் வேறு. 'க்ரு', செய்தல்.

மலையாளத்தில் பேச்சு என்கிறார்களே, அது தப்புத்தானே?

மேலே சொல்லிவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

மனைவியைச் 'சம்சாரம்' என்பது பெண்ணை இழிவுபடுத்துவது இல்லையா? பந்தம், தளை என்று திட்டுகிற சொல்தானே?

இதையே நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். ஒருவர் இந்தச் சொல்லை ஒழிக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறார். சரி, விரிவாகவே பேசுவோம்.

பிறவி ஓட்டம் என்பதிலிருந்து நேராக மனைவிக்குத் தாவியதாக நினைப்பதால்தான் இந்தக் கோபம். நடுவில் 'குடும்ப வாழ்க்கை' என்ற படி இருக்கிறது. துறவிக்கு எதிர்ப்பதம் சம்சாரி, அதாவது குடும்பஸ்தன். குடும்பத்தைக் குறித்த சொல்தான் அதை நடத்துகிறவளுக்கும் ஆகி வந்தது. தமிழில் இது புதிதே இல்லை. மனையிலிருந்து மனைவி, இல்லிலிருந்து இல்லாள், அகத்திலிருந்து ஆத்துக்காரி. இன்றும் 'வீட்டுல கேட்டுச் சொல்றேன்' என்கிறவர் சுவரையா கேட்கப் போகிறார்? வடமொழியிலும் க்ருஹத்திலிருந்து க்ருஹிணி. வீடு என்பது வீடல்ல, இல்லாளே வீடு என்று ஒரு பழைய சுலோகமே உண்டு.

"அப்படியென்றால் கணவனை ஏன் சம்சாரம் என்பதில்லை?" என்று திரும்பக் கேட்டிருக்கிறார் ஒரு கல்லூரி மாணவி. நியாயமான கேள்வி. வீட்டுப் பொறுப்பு முழுவதையும் பெண் தலையில் வைத்த சமூகத்தின் சொல் இது. அந்தச் சாய்வு இதில் இருக்கிறது, மறுக்கமாட்டேன். துறவைப் போற்றிய பாடல்கள் பல பெண்ணையே தளையாகக் காட்டியதும் உண்மை. ஆனால் 'என் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லைங்க' என்று மருந்துக்கடையில் நின்று சொல்கிற பெரியவரின் வாயில் அந்த இழிவு இல்லை. அவர் சொல்வது மரியாதையாக, பெயரைச் சொல்லாமல், தன் மனைவியை. சமூகத்தோடு சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். அவர் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்காதீர்கள்.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருப்பது வேறொன்று. தமிழில் 'வீடு' என்றால் குடியிருக்கும் இடம், முக்தியும் அதுவே. விடு என்பதிலிருந்து வந்த சொல். ஆக, வீட்டுக்குள்ளே சம்சாரம், சம்சாரத்திலிருந்து விடுதலையும் வீடு!

மனைவியைச் சம்சாரம் என்று சொல்லலாமா, கூடாதா?

ஐந்தாவது முறை. அவரிடமே கேளுங்கள்.

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் 'சம்சாரி' என்றால் விவசாயி. இது சரியா?

இன்றைக்கு வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. முழுக்கச் சரி. கரிசல் வட்டாரத்தில் மனைவி, மக்கள், மாடு கன்று, புஞ்சை என்று எல்லாம் சேர்ந்ததுதான் குடும்பஸ்தனின் வாழ்க்கை. அங்கே குடும்பம் நடத்துவதும் வெள்ளாமை செய்வதும் ஒரே வேலை. அதனால் சம்சாரி என்றால் உழுகிறவர். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இந்தச் சொல்லை எந்தெந்த இடத்தில் சொல்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன வாக்கியத்தோடு அப்படியே எழுதி அனுப்புங்கள்.