ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டுமா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கல்வி குறித்து நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிப்பவள் நான். நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் மகள் இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அவளோடு படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் ஏழாம் வகுப்பிலேயே கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களை அமர்த்திவிட்டார்கள் என்பது எங்களுக்கு இப்போதுதான் தெரிந்தது. பதறிப்போய் ஓர் ஆலோசனை நிறுவனத்துக்குச் சென்றோம். ஹார்வர்டு, எம்.ஐ.டி. போன்ற இடங்களை நினைத்தால் ஏற்கெனவே தாமதம் என்றார்கள். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, அவள் பெயரில் ஒரு தொண்டு அமைப்பு, உடனடியாக எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வுப் பயிற்சி என்று ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். நான்காண்டு ஒப்பந்தத்துக்கு அவர்கள் கேட்கும் தொகை, எங்கள் ஓராண்டு வீட்டுக்கடன் தவணைக்கு ஈடானது. என் கணவரோ, “நாமெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பில்தானே உட்கார்ந்து படித்தோம், இப்போது என்ன அவசரம்?” என்கிறார். எது சரி? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்திவிட்டு அந்த நேரத்தை இவற்றுக்குக் கொடுக்கலாமா?

ர., நியூ ஜெர்சி

அன்புள்ள ர. அவர்களுக்கு,

வணக்கம். நான் சேர்க்கை ஆலோசகன் அல்லன். என் பிள்ளைகள் இருவரின் விண்ணப்பக் காலத்தைக் கடந்து வந்தவன், நண்பர்களின் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளைக் கேட்டால் வாசித்துச் சொல்பவன், அவ்வளவுதான். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கணவர் சொல்வது அவர் படித்த முறைக்குப் பொருந்தும். அங்கே ஒரு தேர்வு, ஒரு மதிப்பெண், ஒரு தரவரிசை. அதற்கு முந்தைய ஆண்டுகளை எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பம், முன்சுற்று என்றால் பன்னிரண்டாம் வகுப்பின் நவம்பர் முதல் தேதியிலோ, பொதுச் சுற்று என்றால் ஜனவரி தொடக்கத்திலோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே அதை வாசிப்பவர்களின் கையில் இருப்பது பெரும்பாலும் ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்று வகுப்புகளின் பதிவுதான். ஒன்பதாம் வகுப்பில் இதைப் பற்றிச் சிந்திப்பதில் பிழையில்லை. ஆனால் நீங்கள் சந்தித்த நிறுவனம் உங்களிடம் விற்க முயல்வது இந்த மூன்றாண்டுப் படிப்பை அன்று. மூன்றாண்டு கழித்து நிரப்ப வேண்டிய படிவத்தை இப்போதே நிரப்பித் தருவதாகச் சொல்கிறார்கள்.

உண்மையிலேயே முன்கூட்டிக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அவற்றில் முதலாவது, பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும் வரிசை. கணிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பில் அல்ஜிப்ரா ஒன்று முடித்த மாணவிக்கு ஒன்பதில் ஜியாமெட்ரி, பத்தில் அல்ஜிப்ரா இரண்டு, பதினொன்றில் பிரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ் என்று இயல்பாக வந்து சேரும். அதையே ஒன்பதில் தொடங்குகிறவள், இடையில் ஒரு கோடையிலோ ஒரே ஆண்டில் இரு பாடங்களாகவோ ஈடுகட்டாவிட்டால், பள்ளியை விட்டு வெளியேறும்வரை கால்குலஸைத் தொடுவதில்லை. பொறியியலோ இயற்பியலோ படிக்க விரும்பும் பிள்ளைக்கு இது சிறிய விஷயமன்று. பதினொன்றாம் வகுப்பில் விழித்துக்கொண்டு சரிசெய்யக் கூடியதுமன்று. அறிவியலிலும் பிறமொழிப் பாடத்திலும் இதே போன்ற வரிசை உண்டு. மகளின் பள்ளி வெளியிடும் பாடத்திட்டக் கையேட்டை எடுத்து, எந்தப் பாடத்துக்கு எது முன்நிபந்தனை என்று அவளோடு உட்கார்ந்து ஒரு தாளில் வரைந்து பாருங்கள். பத்தாம் வகுப்புக்கான பாடத் தேர்வுப் படிவம் பெரும்பாலான பள்ளிகளில் குளிர்காலம் முடிவதற்குள் வந்துவிடும். அதற்குள் ஒருமுறை, பாடத் தேர்வில் வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரை அவளே நேரில் சந்தித்துப் பேசட்டும்; அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

இதைச் சொன்னதும், அப்படியானால் ஏ.பி. எனப்படும் கல்லூரி நிலைப் பாடங்களில் இருக்கிற அனைத்தையும் எடுக்க வேண்டுமா என்ற கேள்வி எழும். வேண்டியதில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் அந்தப் பள்ளியைப் பற்றிய குறிப்பு ஒன்றும் செல்கிறது. அங்கே எத்தனை ஏ.பி. பாடங்கள் உண்டு, மதிப்பெண்கள் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்பவையெல்லாம் அதில் இருக்கும். இருபது ஏ.பி. பாடங்கள் உள்ள பள்ளியின் மாணவியையும் நான்கே உள்ள பள்ளியின் மாணவியையும் ஒரே கோலால் அளப்பதில்லை. தன் முன்னால் இருந்தவற்றில் எதைத் தேர்ந்தாள், அதில் எப்படிப் படித்தாள் என்றுதான் பார்க்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடத்தில் பி வாங்கினால் எல்லாம் முடிந்துவிட்டது என்பதும் வீண் பேச்சு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் ஜி.பி.ஏ. என்ற சராசரி மதிப்பெண் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்களைச் சேர்ப்பதே இல்லை. பாடங்களை முடித்திருக்க வேண்டும், அவ்வளவே. மற்ற இடங்களிலும் ஏறுமுகமாக இருக்கும் பதிவை ஏறுமுகமாகவே வாசிக்கிறார்கள்.

அடுத்தது ஆராய்ச்சிக் கட்டுரையும் தொண்டு அமைப்பும். இங்கேதான் பெற்றோரின் பணம் கரைகிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். காமன் ஆப் எனப்படும் பொது விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் என்ன செய்தோம் என்று விவரிக்க 150 எழுத்துகளுக்குத்தான் இடம், இடைவெளிகளையும் சேர்த்து. ஆங்கிலத்தில் ஏறத்தாழ இரண்டு வரி. ‘நிறுவனர், தலைவர்’ என்று தொடங்கி, எதை நிறுவினார், யார் பயனடைந்தார் என்பதற்குப் பதிலில்லாத இரண்டு வரிகளைச் சேர்க்கை அலுவலகங்களில் இருப்பவர்கள் ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் வாசிக்கிறார்கள். பணம் கொடுத்து வெளியிட்ட பள்ளி மாணவரின் ஆராய்ச்சிக் கட்டுரை எப்படி இருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கோடைக்கால நிகழ்ச்சிகளுக்கும் இது பொருந்தும். எம்.ஐ.டி.யில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. ஆராய்ச்சி நிகழ்ச்சிக்கு ஆண்டுக்கு நூறு பேர் அளவிலேயே தேர்வாகிறார்கள், தேர்வானவர்கள் கட்டணம் செலுத்துவதில்லை. பணம் கட்டியவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் நிகழ்ச்சி, புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் வளாகத்திலேயே நடந்தாலும், அங்கே சேர்வதற்கான வழியன்று. பிள்ளைக்கு அதில் ஆர்வமிருந்தால், உங்களுக்கு வசதியும் இருந்தால் அனுப்பலாம்.

அதே பட்டியலில், செயல்பாட்டின் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், ‘ஊதியத்துக்கான வேலை’ என்றும் ‘குடும்பப் பொறுப்புகள்’ என்றும் இரண்டு வகைகள் இருக்கின்றன. நம்மவர்களில் பலர் அவற்றைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. நண்பர் ஒருவரின் மகள், டயாலிசிஸ் சிகிச்சையில் இருந்த பாட்டிக்கு இரண்டு ஆண்டுகள் துணையாக இருந்தாள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடையைக் குறிப்பது, ஒரு நாளில் பாட்டி குடித்த நீரின் அளவை ஏட்டில் எழுதிவைப்பது, செவிலியர் ஆங்கிலத்தில் சொல்வதைப் பாட்டிக்குத் தமிழில் விளக்குவது எல்லாம் அவள் வேலை. விண்ணப்பத்தில் முதலில் ‘பாட்டிக்கு உதவினேன்’ என்று மட்டும் எழுதியிருந்தாள். அவளுடைய தாய், வீட்டு விஷயம் எதற்கு என்று அதையும் எடுத்துவிடச் சொன்னார். என்ன செய்தாய் என்று கேட்டபோது இந்த விவரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்த எடையையும் நீரளவையும் மொழிபெயர்ப்பையும் அப்படியே இரண்டு வரிகளில் எழுதினாள். அவள் விரும்பிய இடம் கிடைத்ததற்கு அந்த வரிகள்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல எவராலும் முடியாது. ஆனால் பட்டியலின் மற்ற ஒன்பது வரிகளும் யாருடையதாகவும் இருக்கலாம், இது மட்டும் அவளுடையது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மகள் எதில் ஈடுபாடு கொண்டவள் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அச்சத்தில் எழுதும் கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். ஆனால் அவள் ஒன்றைத் தேடித் தொட்டு, சலித்து, விட்டுவிட்டு, வேறொன்றில் நிலைக்க ஒன்பதாம் பத்தாம் வகுப்புகள்தான் காலம். அந்த இரண்டு ஆண்டுகளையும் ஆலோசகரின் அட்டவணை நிரப்பிவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பில் 650 சொற்களில் தன்னைப் பற்றி எழுத உட்காரும்போது அவளிடம் எழுத ஒன்றும் இருக்காது. அந்தக் கட்டுரையையும் எழுதித் தர ஆள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

எஸ்.ஏ.டி.க்கு இப்போது அவசரமில்லை. அல்ஜிப்ரா இரண்டு முடிக்காத பிள்ளைக்கு அந்தக் கணிதப் பகுதியைப் பயிற்றுவிப்பது காலவிரயம். எம்.ஐ.டி. 2022-இலும், டார்ட்மத், பிரௌன், ஹார்வர்டு ஆகியவை 2024-இலும் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கியிருப்பதால் அதை முற்றிலும் ஒதுக்கவும் முடியாது. பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் தொடங்கினால் போதும். அதுவரை அவள் நீண்ட நூல்களை வாசிக்கட்டும். வேகமாகவும் கவனமாகவும் வாசிக்கும் திறன் மூன்று மாதப் பயிற்சியில் வருவதில்லை, அதுதான் அந்தத் தேர்வின் பாதி.

ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும் இப்படி மெதுவாக விளைபவையே. பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பில் கற்பித்தவர்களிடம் கேட்பார்கள், எம்.ஐ.டி. கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவரிடமும் மொழி, வரலாறு போன்ற பாடங்களின் ஆசிரியர் ஒருவரிடமும் கேட்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் எல்லாத் தேர்விலும் ஏ வாங்கிவிட்டு, வகுப்பில் வாயே திறக்காமல் ஆண்டை முடித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட மாணவியைப் பற்றி நல்ல ஆசிரியராலும் நான்கு வரிக்கு மேல் எழுத முடியாது. புரியாததைக் கேட்கவும், உடன்படாததை மரியாதையோடு மறுக்கவும் இந்த ஆண்டிலிருந்தே அவள் பழகலாம்.

எவரும் உங்களிடம் சொல்லியிருக்க வாய்ப்பில்லாத ஒன்று, பணம். அரசின் கல்வி உதவிக்கான பாப்சா படிவம் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமானத்தைத்தான் பார்க்கிறது. அதாவது உங்கள் மகள் பத்தாம் வகுப்பின் இரண்டாம் பாதியிலும் பதினொன்றாம் வகுப்பின் முதல் பாதியிலும் இருக்கும் அந்த நாட்காட்டி ஆண்டில் நீங்கள் ஈட்டுவது, முதல் ஆண்டு உதவித்தொகையைத் தீர்மானிக்கும். வீட்டை விற்பது, பங்குகளை விற்பது போன்றவற்றை அந்த ஆண்டில் செய்வதற்கு முன் யோசியுங்கள். அரசின் கல்வி உதவித் திட்டங்களில் பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும், உதவித்தொகை போக ஆகும் நிகரச் செலவைக் கணக்கிடும் கருவி ஒன்று 2011 முதல் சட்டப்படி இருந்தாக வேண்டும். ஒரு மாலைப் பொழுதில் நான்கைந்து கல்லூரிகளுக்கு அதை நிரப்பிப் பாருங்கள். ஆலோசகரின் கட்டணத்தைப் பற்றிய உங்கள் எண்ணம் மாறக்கூடும்.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம் என்பதே என் கருத்து. ஹார்வர்டு அண்மை ஆண்டுகளில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஏறத்தாழ நான்கு பேரைத்தான் சேர்க்கிறது. மறுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் அங்கே படித்துத் தேறக்கூடியவர்களே. இந்த நிலையில் எவரும் எதற்கும் உறுதியளிக்க முடியாது. பின்வாசல் வழியாக உறுதியளித்த ஒருவரின் கதை 2019-இல் நீதிமன்றத்துக்குப் போய், பெற்றோர் பலர் சிறைக்குப் போனதில் முடிந்தது. பல்கலைக்கழகங்கள் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகின்றன என்பதை காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தில் தாங்களே வெளியிடுகின்றன. அதன் சி7 என்ற பகுதியில் அட்டவணையாகவே இருக்கும். எம்.ஐ.டி. அந்த அட்டவணையில் ‘மிக முக்கியம்’ என்று குறிப்பது குணநலன் ஒன்றைத்தான். கடைசி ஆண்டில் கட்டுரைகளை வாசித்துக் கருத்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டால், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குபவர்கள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் வகுப்பை இதற்காக நிறுத்த வேண்டாம். கலிபோர்னியாவில் 2011-இல் சட்டமாகி, பிறகு நியூ ஜெர்சி உட்படப் பல மாநிலங்களுக்குப் பரவிய இருமொழித் தேர்ச்சி முத்திரை, பள்ளிச் சான்றிதழிலேயே பதிவாகும் ஓர் அங்கீகாரம். தமிழில் தேர்வெழுதி அதைப் பெற்ற மாணவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பள்ளி மாவட்டத்தில் அதற்கான நடைமுறை என்ன என்று கவுன்சிலரிடம் கேட்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவளுக்கே விருப்பமில்லை, நெடுநாளாக உங்களுக்காகத்தான் போய்வருகிறாள் என்றால், அது வேறு பேச்சு. அதை என்னிடமல்ல, அவளிடம் கேட்க வேண்டும்.

அன்புடன்.